மானாவாரி ஆட்டக்காரன்

கூகட்பல்லியிலிருந்து பட்டான்செருவுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தால், மியாப்பூர் வந்ததும் நடத்துநர் “ஆல்வின், ஆல்வின்” என்று குரல் கொடுப்பார். பத்துப் பேர் இறங்குவார்கள், பதினைந்து பேர் ஏறுவார்கள். ஆல்வின் என்பது ஆளா, மருந்தா, சாமியா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் அது ஹைதராபாத்தின் பெருமை. கைக்கடிகாரம், குளிர்பதனப் பெட்டி, பேருந்துக் கூடு என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்த கம்பெனி. கம்பெனி போய்விட்டது. நாற்சந்திக்கு மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

1989-இல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டிக்கு ஆல்வின் கோப்பை என்றுதான் பெயர். அதில்தான் 21 வயதுப் பையன் ஒருவன் முதன்முதலாக இந்தியச் சட்டை போட்டான். புனேயை ஒட்டிய கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா நாகலிங்கம் பிள்ளைக்கு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. அம்மா ஆண்டாளம்மா. அண்ணன் தம்பிகள் உடைந்த மட்டையைக் கட்டி ஒட்டிச் சேற்று மண்ணில் ஆடி வளர்ந்த வீடு. வீட்டில் இல்லாததைப் பெயரிலாவது வைப்போம் என்று பிள்ளைக்குத் தன்ராஜ் என்று பெயர் வைத்தார்கள். செல்வத்துக்கு அரசன். பாவம், அவர்களுக்கு இந்திய ஹாக்கி சம்மேளனத்தோடு பழக்கமில்லை.

ஆல்வினைத் தாண்டி மும்பை நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் பட்டான்செரு. புகைபோக்கிகள், மருந்துக் கம்பெனிகள், லாரிகள். இவற்றுக்கு நடுவே, வேறு ஏதோ நாட்டிலிருந்து வெட்டி எடுத்து வந்து வைத்ததுபோல், ஏறத்தாழ 1,400 ஹெக்டேர் பச்சை. இக்ரிசாட். அரை வறண்ட வெப்பமண்டலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம். 1972-இல் தொடங்கியது. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவைதான் இங்கே குலதெய்வங்கள். நம் ஊர்க் கரிசல்காட்டுச் சம்சாரியிடம் சொன்னால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: மானாவாரி ஆராய்ச்சி.

கிணறு இல்லை, கால்வாய் இல்லை, வானம் பார்த்து விதைத்து, வந்தால் மழை, வராவிட்டால் விதி. அப்படிப்பட்ட நிலத்திலும் காய்ந்துபோகாமல் கதிர் தள்ளுகிற ரகம் எது என்று அரை நூற்றாண்டாக உலகத்து விஞ்ஞானிகள் இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கொஞ்சம் இரக்கமும் உண்டு. ஏனென்றால் அவர்கள் தேடும் ரகத்தை டெல்லியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிலர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம், களையெடுக்க வேண்டாம். நாலு வருடத்துக்கு ஒருமுறை அரிவாளோடு போய் நின்றால் போதும், பதக்கம் அறுக்கலாம். அந்த ரகத்துக்குப் பெயர் இந்திய ஹாக்கி ஆட்டக்காரன்.

இக்ரிசாட்டில் ஒரு மரபணு வங்கி இருக்கிறது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள். நெடுங்காலத்துக்கு வைக்கவேண்டியவை கழித்தல் 20 டிகிரி குளிரில் தூங்குகின்றன. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண். எந்த நாட்டில், எந்த மாவட்டத்தில், யார் எப்போது சேகரித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஏடு. ஏதோ ஒரு மலைக்கிராமத்துக் குடியானவரின் அடுக்குப்பானையில் கிடந்த கைப்பிடிக் கம்புக்குக்கூடப் பட்டான்செருவில் பிறப்புச் சான்றிதழ் உண்டு.

தன்ராஜ் பிள்ளை இந்தியாவுக்காக 339 ஆட்டங்கள் ஆடினார். எத்தனை கோல் போட்டார்?

170 சுமார் என்கிறார்கள். கவனியுங்கள், சுமார். புள்ளிவிவரப் பித்துப் பிடித்த சில நல்லவர்களும், போட்ட மனிதரும் சேர்ந்து மனக்கணக்காகச் சொன்ன எண் அது. சம்மேளனத்திடம் அதிகாரபூர்வமான கணக்கு இல்லை. 15 வருடம் ஒருவர் நாட்டுக்காக ஓடியிருக்கிறார். டி-வட்டத்துக்குள் புகுந்து, விழுந்து, எழுந்து, பந்தைப் பலகையில் அடித்திருக்கிறார். அடித்த பந்தை எண்ணுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். அது நம்மிடம் இல்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் கடன் எழுதிவைக்க இருக்கும் நோட்டு இந்தியாவின் பெயரால் நடந்த ஒரு சம்மேளனத்தில் இல்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் ஊர்ப் பழமொழி. சம்மேளனத்தார் அதைப் பாதி மட்டும் படித்திருக்கவேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்துவிடக்கூடாதே என்று கணக்கையே எழுதாமல் விட்டார்கள்.

கணக்கு என்றதும் பட்டான்செருவின் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. இங்கே மருந்துக் கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது ஆலையிலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் எடுத்துச் சோதித்து 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘சுத்திகரித்த’ அந்த நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். அந்த மாத்திரையை விழுங்கும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஓர் ஆட்டக்காரனின் சிறுநீரில் இருமல் மருந்தின் வாடை வந்தாலே விசாரணை, தடை, தலைப்புச் செய்தி. ஓர் ஊரின் நீரே மருந்துச் சோதனையில் தோற்று நின்றபோது யாருடைய பதக்கத்தையும் யாரும் பிடுங்கவில்லை. போகட்டும், அது வேறு கோபம். நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த ஊரில் விதைக்குக் கணக்கு உண்டு, சாக்கடைக்குக்கூட மில்லிகிராம் கணக்கு உண்டு. கோலுக்குத்தான் சுமார்.

இனி பாங்காக்.

1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானை வென்று இந்தியா ஹாக்கித் தங்கம் வாங்கியது. கேப்டன் ஷங்கர் லட்சுமண், கோல்கீப்பர். அதன் பிறகு 32 வருடம் ஆசியத் தங்கம் கிட்டவில்லை. 1998 டிசம்பரில் அதே பாங்காக்கில், தென்கொரியாவுடன் 1-1 என்று சமனில் நின்ற இறுதியாட்டத்தை, ஆஷிஷ் பல்லால் ஸ்ட்ரோக்குகளைத் தடுத்து விழ, டைபிரேக்கரில் 4-2 என்று வென்று மீண்டும் தங்கம். கேப்டன் தன்ராஜ் பிள்ளை. ஒரு தலைமுறையின் வறட்சிக்குப் பிறகு பெய்த மழை.

மழை பெய்தால் சம்சாரி என்ன செய்வார்? விதை எடுத்து வைப்பார், காட்டைப் பார்த்துக் கும்பிடுவார். சம்மேளனம் என்ன செய்தது? அடுத்து வந்த பாகிஸ்தான் தொடருக்கு அணியை அறிவித்தது. அதில் தன்ராஜ் இல்லை. இன்னும் ஆறு மூத்த ஆட்டக்காரர்களும் இல்லை. பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் வெளியே. காரணம்? களைப்பு. ஆட்டக்காரர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள், ஆகவே ஓய்வு.

ஓய்வு. எவ்வளவு பரிவான சொல்! பேட்டா போதவில்லை, ஆட்டத்துக்கான பணம் வரவில்லை, வசதி சரியில்லை என்று வாய்திறந்து பேசியவர்கள் சிலர். ஓய்வு கிடைத்தவர்கள் யார் என்று பார்த்த பத்திரிகைகளும் ரசிகர்களும் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். வாய் வலித்திருக்கும், ஆகவே ஓய்வு கொடுத்தார்கள் போல. வெளிநாட்டுத் தொடரில் ஓர் ஆட்டக்காரனுக்குக் கொடுத்த தினப்படி, கூடப்போன அதிகாரி காபிக்குக் கொடுக்கும் டிப்ஸ் அளவுக்கு இருந்தது என்று சொன்னால் மிகையாக இருக்கும். மிகை சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர்களும்தான் ‘களைப்பு’ என்று சொன்னார்களே.

இந்த நாட்டில் தோற்ற அணியைக் கலைத்தவர்கள் பலர். வென்ற அணியைக் கலைத்த பெருமை நம் ஹாக்கிக்கு. அலெக்சாண்டர் வென்று திரும்பும்போது அவனுடைய குதிரையைப் பறித்துக்கொண்டு ‘களைத்திருக்கிறாய், நடந்து போ’ என்று சொல்ல அவனுக்கு மேல் ஒரு சம்மேளனம் இல்லாமல் போனது அவன் அதிர்ஷ்டம்.

பிறகு தன்ராஜுக்கு ராஜீவ் காந்தி கேல் ரத்னா கொடுத்தார்கள், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். பேட்டா கேட்டவனுக்குப் பொன்னாடை. நம்மிடம் பொன்னாடைக்கு எப்போதும் பஞ்சம் வந்ததில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடவேண்டும். தன்ராஜ் பிள்ளை பட்டினி கிடந்தவர் அல்ல. விமான நிறுவன வேலை இருந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், மலேசியா என்று கிளப் அணிகள் கூப்பிட்டு ஆட வைத்தன. அங்கேயெல்லாம் அவருக்குக் காசும் கொடுத்தார்கள், கைகுலுக்கவும் செய்தார்கள். அவர் சாதுவும் அல்ல. முன்கோபக்காரர், நினைத்ததைப் பேசிவிடுவார், பேசிவிட்டு அழுதும்விடுவார். பத்திரிகைகளுக்கு அது வசதியாகப் போயிற்று. ‘கோபக்கார தன்ராஜ்’ என்று எழுதிவிட்டால் கோபத்தின் காரணத்தை எழுதவேண்டியதில்லை. அவருடைய வாழ்க்கையைச் சந்தீப் மிஸ்ரா 2007-இல் புத்தகமாக எழுதியபோது, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற பொருளில் தலைப்பு வைத்தார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் வேறு யாராரோ. அவர்களில் ஒருவரும் புத்தகம் எழுதவில்லை.

அந்தச் சம்மேளனத்தின் தலைவர் நாற்காலியில் 1994 முதல் 2008 வரை உட்கார்ந்திருந்தவர் கே.பி.எஸ். கில். பஞ்சாப் காவல்துறையின் தலைவராக இருந்தவர். பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரிடம் அத்துமீறி நடந்த வழக்கில் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நாற்காலி அசையவில்லை. பேட்டா கேட்டவன் சில வாரத்தில் வெளியே, உச்ச நீதிமன்றத்தில் தோற்றவர் மேலும் மூன்று வருடம் உள்ளே. ஹாக்கியில் பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்று மூன்று உண்டு. மூன்றும் மைதானத்தின் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்.

இந்தப் பதினான்கு வருடத்தில் பயிற்சியாளர்கள் பட்ட பாடு தனிப் புராணம். 2002 உலகக் கோப்பையில் கோலாலம்பூரில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே செட்ரிக் டிசோசாவை நீக்கினார்கள். கல்யாணப் பந்தலில் பந்தி நடக்கும்போது சமையல்காரரை மாற்றியதுபோல. 2001-இல் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று தந்த ராஜிந்தர் சிங்கை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன் அனுப்பிவிட்டு, கெர்ஹார்ட் ராக் என்ற ஜெர்மானியரைக் கொண்டுவந்தார்கள். அது தன்ராஜின் நான்காவது ஒலிம்பிக். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராஃபி, நான்கு ஆசிய விளையாட்டு: இந்த நாலுநாலைத் தொட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். புதுப் பயிற்சியாளர் அவரைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்காரவைத்தார். இந்த முறை உண்மையிலேயே ஓய்வு. இந்தியா ஏழாவது இடம். அத்துடன் அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது.

நான்கு ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட இல்லை என்று அவரைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 சிட்னியில் போலந்தை வென்றிருந்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னணியில் இருந்தபோது கடைசி இரண்டு நிமிடத்துக்குள் போலந்து ஒரு கோல் போட்டது. அன்று தன்ராஜ் அழுதார். நாடும் அழுதது. டெல்லி அலுவலகத்தில் யார் அழுதார்கள் என்று தகவல் இல்லை.

முடிவு எப்படி வந்தது என்றால், எல்லா மானாவாரி முடிவுகளும் வருகிற மாதிரிதான். 2008 மார்ச்சில் சிலி நாட்டுச் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 80 வருடத்தில் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கிக்கே இந்தியா தகுதி பெறவில்லை. அடுத்த மாதம் ஆஜ் தக் தொலைக்காட்சி ஒரு ரகசியக் கேமராக் காட்சியைப் போட்டது. ஓர் ஆட்டக்காரனை அணியில் சேர்ப்பதற்காகச் சம்மேளனச் செயலாளர் பணம் வாங்குகிறார் என்றது அந்தத் தொலைக்காட்சி. செயலாளர் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே முடக்கியது. ஆக, நோட்டு எண்ணத் தெரியாத சம்மேளனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோல் எண்ணத்தான் வரவில்லை.

அந்தச் செயலாளர் பெயர் கே. ஜோதிகுமரன். நம் தமிழ்நாட்டுக்காரர். தன்ராஜ் பிள்ளை கோல் போடும்போதெல்லாம் ‘தமிழன்டா’ என்று மார்தட்டிய நாம் ஜோதிகுமரன் விஷயத்தில் மட்டும் இந்தியர்களாகிவிட்டோம். பூர்வீகம் பார்த்துப் பெருமைப்படுகிறவன் பூர்வீகம் பார்த்து வெட்கப்படவும் தயாராக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே பையில்தான் கிடக்கும்.

புதிதாக ஹாக்கி இந்தியா வந்தது. பெயர் முன்பின்னாக மாறியதைத் தவிர வேறென்ன மாறியது? 2011 செப்டம்பரில் சீனாவில் பாகிஸ்தானை வென்று ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபியை வாங்கி வந்தார்கள் நம் பையன்கள். ஹாக்கி இந்தியா தாராள மனதோடு ஆளுக்கு 25,000 ரூபாய் பரிசு அறிவித்தது. ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட்காரர்களுக்கு அவர்களுடைய வாரியம் ஆளுக்கு இரண்டு கோடி கொடுத்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு கிரிக்கெட்காரர் = 800 ஹாக்கிக்காரர்கள். கிரிக்கெட்காரர்கள் மேல் எனக்குக் காழ்ப்பில்லை. அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் இந்த 800 என்ற எண்ணை எந்த அதிகாரியாவது காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 25,000 என்று கையெழுத்துப் போட்டாரா? ஆட்டக்காரர்கள் மறுத்து, ஊர் சிரித்த பிறகு மத்திய விளையாட்டு அமைச்சகம் ஆளுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தது. அவமானம்தான் நம் நாட்டில் எப்போதும் வேலை செய்யும் ஒரே நிர்வாக இயந்திரம்.

தேசிய விளையாட்டு என்கிறீர்களா? அதையும் 2012-இல் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று அமைச்சகம் பதில் எழுதியது. தலைமுறை தலைமுறையாக ஒரு மதிப்பெண் கேள்வியில் ‘ஹாக்கி’ என்று எழுதி வாங்கிய மதிப்பெண்ணையெல்லாம் திருப்பித் தரவேண்டும் போலிருக்கிறது. கல்யாணமே ஆகாமல் ஹாக்கியை எழுபது வருடம் நாட்டின் மனைவி என்று அழைத்திருக்கிறோம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது. 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் தவறாத இந்தியா அந்த வருடம் ஏழாவது இடம். இந்தச் செயற்கைப் புல்லுக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருந்தால்தான் பந்து வழுக்கும், விழுந்தால் தோல் கிழியாது. ஆகவே ஆட்டத்துக்கு முன் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள். பட்டான்செருவிலிருந்து அதிக தூரமில்லாத கச்சிபவுலியில் அப்படி ஒரு மைதானம். 2003 ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தில் பாகிஸ்தானை 3-1 என்று வென்று தன்ராஜ் அணி தங்கம் வாங்கியது. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீகின் முதல் பருவம் முழுக்கக் கச்சிபவுலியில்தான் நடந்தது. மராத்தா வாரியர்ஸ் சட்டையில் 36 வயது தன்ராஜ். கோப்பை ஹைதராபாத் சுல்தான்களுக்கு. வாணவேடிக்கை, தொலைக்காட்சி விளக்கு, பாட்டு. மூன்று நான்கு வருடத்தில் அந்த லீகும் ஆல்வின் கம்பெனி போன வழியே போயிற்று.

இங்கே, நெடுஞ்சாலையோரம், உயிருள்ள கம்பும் சோளமும் தண்ணீரில்லாமல் பிழைப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே, பிளாஸ்டிக் புல் வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஓடிய மனிதன்தான் மானாவாரி.

பயிருக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2018-இல் ஒடிசா அரசு ஆண், பெண் இரு தேசிய அணிகளுக்கும் புரவலராக வந்தது. ஒரு மாநில அரசு, ஒரு தேசத்தின் அணிகளுக்கு. 2021-இல் டோக்கியோவில் ஆண்கள் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம், 41 வருடத்துக்குப் பிறகு. 2024 பாரிசில் மறுபடி வெண்கலம். தண்ணீர் விட்டால் பயிர் வளரும் என்ற இந்தப் பயங்கர ரகசியத்தைக் கண்டறிய இக்ரிசாட்டுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம், தபால் செலவோடு போயிருக்கும்.

டோக்கியோ வெண்கலத்துக்கு மறுநாள் மத்திய அரசும் தன் பங்கைச் செய்தது. கேல் ரத்னாவிலிருந்து ராஜீவ் காந்தி பெயரை எடுத்துவிட்டு மேஜர் தியான்சந்த் பெயரை வைத்தது. தியான்சந்த் 1979-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் இறந்தவர். படுக்கைக்கு அறை கிடைக்காதவருக்கு 42 வருடம் கழித்து விருதில் இடம் கிடைத்தது. பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. நாற்சந்தி, விருது, மைதானம், எதுவானாலும் சரி. ஆள் செத்திருக்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அதே டோக்கியோவில் பெண்கள் அணிக்காக ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல்முறை. அணி அரையிறுதியில் தோற்ற அன்று ஹரித்துவார் அருகே அவருடைய வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். தலித்துகளைச் சேர்த்ததால்தான் தோற்றது என்றார்கள். வென்றால் இந்தியா, தோற்றால் சாதி. இதற்குச் சம்மேளனத்தைத் திட்டிப் பயனில்லை. இந்தக் களை நம் வரப்பிலேயே முளைத்தது.

இன்னொரு பாங்காக் கேப்டனைப் பாதியில் விட்டுவிட்டேன். 1966-இல் தங்கம் வாங்கிய ஷங்கர் லட்சுமண். அதற்கு முன்பே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி வாங்கியவர். 2006-இல் மத்தியப் பிரதேசத்தின் மௌ நகரில், வறுமையில், காலில் சதை அழுகி இறந்தார். பந்தைத் தடுத்த கால். கோல்கீப்பரின் கால்தான் ஒரு தேசத்தின் கடைசி வேலி. அந்த வேலி அழுகும்வரை நமக்கு வாடை வரவில்லை. பாங்காக்கில் தங்கம் வாங்கிய இருவரில் ஒருவருக்குக் களைப்பு என்றார்கள், மற்றவரை மறந்தே போனார்கள்.

நம் பக்கத்துக் கோவில்பட்டியை நினைத்துக்கொள்கிறேன். கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை. 1901-இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இன்றும் அங்கே புன்செய்ப் பயிர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே ஊரில்தான் பையன்கள் விடிகாலையில் மட்டையோடு மைதானத்துக்குப் போகிறார்கள். அங்கே ஆடிப் பழகிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்கள். கட்கியின் சேற்றிலிருந்து தன்ராஜ் வந்த அதே வழி. அந்தப் பையன்கள் இனி பேட்டா கேட்டால் அவர்களுக்கும் களைப்பு வருமா என்பதுதான் என் கவலை.

பட்டான்செரு பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தபோது முதலில் இக்ரிசாட் இயக்குநருக்கு ஒரு மனு எழுதலாம் என்றுதான் தோன்றியது. ஐயா, உங்கள் மரபணு வங்கியில் ஓர் இந்திய ஹாக்கி ஆட்டக்காரனுக்கும் இடம் கொடுங்கள், வறட்சி தாங்கும் ரகங்களில் இதற்கு இணை இல்லை, கழித்தல் 20 டிகிரி எல்லாம் அவனுக்குப் பெரிதில்லை, டெல்லியின் பாராமுகத்தைவிட அது வெதுவெதுப்புத்தான் என்று. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர்கள் உடனே அவனுக்கு ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். சம்மேளனங்களுக்கு அது அவமானமாகப் போய்விடும்.

ஆகவே மனு ஹாக்கி இந்தியாவுக்கே. சிலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், நாற்சந்திக்குப் பெயரும் வேண்டாம். 1989 டெல்லி முதல் 2004 ஏதென்ஸ் வரை நடந்த ஆட்டங்களின் தாள்கள் எங்கெங்கோ கிடக்கும். பாகிஸ்தானிடம் இருக்கும், ஜெர்மனியிடம் இருக்கும், சர்வதேசச் சம்மேளனத்திடம் இருக்கும், பழைய பத்திரிகைக் கட்டுகளில் இருக்கும். சம்பளத்துக்கு இரண்டு பேரை வைத்து, ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் தன்ராஜ் பிள்ளையின் பெயருக்கு நேரே இருக்கும் ‘சுமார்’ என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். எண்ணுகிறவர்களுக்குப் பேட்டாவை அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.